கால்சைட்டின் யுரேனியம்-ஈய வயது பிசகும்போது: அறிகுறிவழிப் பிழை நீக்கம்

யுரேனியம் காலப்போக்கில் சிதைந்து ஈயமாவதைக் கொண்டு கனிமத்தின் வயதைக் கணக்கிடுகிறோம். சிர்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொண்டு ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கிவிடுகிறது. கார்பனேட் கனிமங்களான கால்சைட்டும் டோலமைட்டும் அவ்வளவு கண்டிப்பானவை அல்ல. அவற்றில் யுரேனியம் பெரும்பாலும் சில பத்து பி.பி.பி. (நூறு கோடியில் ஒரு பங்கு) முதல் சில பி.பி.எம். (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) வரைதான் இருக்கும், உடன், படிகம் வளர்ந்த நீரிலிருந்தே வந்து சேர்ந்த தொடக்க ஈயமும் இருக்கும். ஆகவே ஒரே ஒரு புள்ளியை அளந்து அதன் வயதைச் சொல்லிவிட முடியாது. ஒரே காலத்தில் உருவான பல புள்ளிகளை அளந்து, யுரேனியம்-238-க்கும் ஈயம்-206-க்கும் உள்ள விகிதத்தைக் கிடையச்சிலும், ஈயம்-207-க்கும் ஈயம்-206-க்கும் உள்ள விகிதத்தைக் குத்தச்சிலும் குறித்து, அவற்றின் ஊடே ஒரு நேர்கோட்டைப் பொருத்துகிறோம். 1972-இல் டெராவும் வாசர்பர்க்கும் பயன்படுத்திய வரைபடம் இது. கோடு குத்தச்சைத் தொடும் இடம் தொடக்க ஈயத்தின் கலவையைக் காட்டும். யுரேனியத்தின் இரு ஐசோடோப்புகளும் ஒரே வயதைக் காட்டும் கன்கார்டியா வளைகோட்டைக் கீழே வெட்டும் இடம் வயதைத் தரும்.

கீழே உள்ள வழிமுறை, லேசரால் கனிமத்தை ஆவியாக்கி பிளாஸ்மா நிறைமானியில் அளக்கும் முறையை முன்வைத்து எழுதப்பட்டது. கரைத்து அளக்கும் முறைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். எந்த அறிகுறி தென்பட்டாலும் தேடலை, மதிப்பு முன்பே தெரிந்த தரமாதிரிகளிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்து லேசர் குடைந்த ஒவ்வொரு குழியின் நேரவாரியான சமிக்ஞையையும், அதன்பின் அந்தக் குழி பாறையில் விழுந்த இடத்தையும் பார்க்க வேண்டும். கோடு பொருத்தும் மென்பொருளின் அமைப்புகளில் கை வைப்பது கடைசியில்தான். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கோட்டிலிருந்து விலகிய புள்ளிகளை முதலில் நீக்கிவிட்டு, பிறகு அதற்கான காரணத்தைத் தேடுகிறார்கள்.

அறிகுறி: தரமாதிரியின் வயதே தவறாக வருகிறது

யுரேனிய, ஈய அளவு தெரிந்த தரமாதிரிகளான நிஸ்ட் 612, நிஸ்ட் 614 ஆகியவை கண்ணாடிகள். லேசர் கண்ணாடியைக் குடையும் விதமும் கால்சைட்டைக் குடையும் விதமும் வேறு. குழியின் ஆழம், பறக்கும் துகளின் அளவு, குழி ஆழமாகும்போது யுரேனியமும் ஈயமும் வேறுவேறு அளவில் வெளியேறும் போக்கு ஆகிய அனைத்தும் மாறுகின்றன. ஆகவே யுரேனியம்-ஈய விகிதத்தைக் கண்ணாடியைக் கொண்டு மட்டும் திருத்தினால் வயது ஒரே பக்கமாகச் சாயும். ஈயத்தின் இரண்டு ஐசோடோப்புகளுக்கு இடையிலான விகிதம் இவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. அதைக் கண்ணாடியைக் கொண்டே திருத்தலாம். கிடையச்சுக்குத்தான் ஒரு கார்பனேட் தரமாதிரி தேவை.

பெரும்பாலான ஆய்வகங்கள் இதற்கு டபிள்யூ.சி.-1 என்ற கால்சைட்டைப் பயன்படுத்துகின்றன. மேற்கு டெக்சஸின் பெர்மியன் காலப் பாறைத்திட்டில், வால்நட் கேன்யனிலிருந்து எடுக்கப்பட்ட இதன் வயது 254.4 ± 6.4 மில்லியன் ஆண்டுகள் என 2017-இல் வெளியிடப்பட்டது. கண்ணாடித் திருத்தம் மட்டும் செய்த நிலையில் இதன் கோடு 272 மில்லியன் ஆண்டில் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 272 மில்லியன் ஆண்டுக்கு உரிய ஈயம்-206/யுரேனியம்-238 விகிதம் 0.0431, 254.4-க்கு உரியது 0.0402. முன்னது பின்னதைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல். ஆகவே அந்த அமர்வில் அளந்த எல்லாக் கார்பனேட் புள்ளிகளின் கிடையச்சு மதிப்பையும் 1.07-ஆல் பெருக்க வேண்டும். குத்தச்சைத் தொடக்கூடாது. வயதை நேரடியாக 272/254.4 என்று வகுத்துத் திருத்துவது இளம் மாதிரிகளுக்கு ஏறத்தாழ ஒத்துவந்தாலும், விகிதத்தைத் திருத்துவதே முறை.

திருத்தக் காரணி அமர்வுக்கு அமர்வு சற்று மாறுவது இயல்பு. ஒரே அமர்வுக்குள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருந்தால், லேசரின் குவியம், ஆற்றல் அடர்த்தி, வாயு ஓட்டம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். தரமாதிரிக்கும் தெரியாத மாதிரிக்கும் குழியின் விட்டம், துடிப்பு வீதம், சுடும் நேரம் எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆழத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் மாறினால் பின்னமாதலும் (யுரேனியமும் ஈயமும் வேறுவேறு அளவில் வெளியேறுவதும்) மாறிவிடும். யுரேனியம் குறைவு என்பதற்காக மாதிரியில் மட்டும் குழியைப் பெரிதாக்கிவிட்டு, தரமாதிரியைச் சிறு குழியில் அளப்பது அடிக்கடி காணும் தவறு.

டபிள்யூ.சி.-1 கூட முழுக்க ஒரே சீரான பொருள் அன்று. அதில் பிற்காலத் தெளிந்த கால்சைட் நிரம்பிய பகுதிகளும் உண்டு. அங்கே தொடக்க ஈயம் கூடுதலாக இருக்கும். தரமாதிரியின் புள்ளிகள் திடீரென்று சிதறினால், கருவியைக் குறை சொல்லுமுன் குழிகள் எந்தப் பகுதியில் விழுந்தன என்று நுண்ணோக்கியில் பார்ப்பது நல்லது.

திருத்தம் சரியா என்பதை அதே தரமாதிரியைக் கொண்டே சோதிக்க முடியாது. அதற்கு இரண்டாவது ஒன்று வேண்டும். கொலராடோ பீடபூமியின் ஏரிச் சுண்ணாம்புக்கல்லான டஃப் பிரவுன் டேங்க் இதற்கு ஏற்றது. அதன் வயது ஏறத்தாழ 64 மில்லியன் ஆண்டுகள். ஏறத்தாழ 3 மில்லியன் ஆண்டுப் பழமையுள்ள ஆஷ்-15 குகைப் படிவும் உண்டு. உங்கள் மாதிரி இளையது என்றால் இளைய சோதனைப் பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும். டோலமைட்டை கால்சைட் தரமாதிரியால் திருத்தும்போது, பொருந்தாமையின் ஒரு பங்கு எஞ்சியே நிற்கும். அதை முடிவிலேயே எழுதிவிட வேண்டும்.

அறிகுறி: புள்ளிகள் எல்லாம் குத்தச்சை ஒட்டியே குவிகின்றன

இதுவே மிகப் பரவலான தோல்வி. இதில் கருவியின் குற்றம் எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. தொடக்க ஈயத்தோடு ஒப்பிட யுரேனியம் போதவில்லை என்பதே பொருள். 10 மில்லியன் ஆண்டுப் பழமையுள்ள ஒரு கால்சைட் நாளத்தை (பாறைப் பிளவை நிரப்பிய படிவை) எடுத்துக்கொள்வோம். அதன் கோடு கன்கார்டியாவை வெட்டும் இடம் கிடையச்சில் ஏறத்தாழ 644. அளந்த புள்ளிகள் யாவும் 0-க்கும் 20-க்கும் இடையிலேயே இருந்தால், குத்தச்சு மதிப்பு 0.836-இலிருந்து 0.811 வரைதான் இறங்கியிருக்கும். அதாவது 644 அலகு தூரம் செல்ல வேண்டிய கோட்டின் திசையை, முதல் 20 அலகில் ஏற்பட்ட 3 விழுக்காட்டுச் சரிவைக் கொண்டு தீர்மானிக்கிறோம். ஒவ்வொரு புள்ளியின் பிழையும் 2 விழுக்காடு என்றால் என்ன வயது வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மென்பொருள் எப்படியும் ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணுக்குக் கண்ணியமான தோற்றமும் இருக்கும்.

இதற்கு மருந்து கூடுதல் புள்ளிகள் அல்ல, நல்ல இடத்தில் விழும் புள்ளிகள். முதலில் மாதிரியின் குறுக்கே, குழிகளுக்கு வேண்டிய நேரத்தில் சிறு பங்கு மட்டும் எடுத்துக்கொண்டு, யுரேனியத்தையும் ஈயத்தையும் கோடுகோடாகத் துழாவிப் பார்க்க வேண்டும். யுரேனியம்-238-க்கும் ஈயம்-208-க்கும் உள்ள விகிதம் உயரும் வளர்ச்சிப் பட்டைகளைக் குறித்துக்கொண்டு குழிகளை அங்கே வைக்க வேண்டும். எலக்ட்ரான் கற்றை பட்டு கனிமம் ஒளிர்வதைப் பதியும் கேத்தோடு ஒளிர்வுப் படம் இதற்குப் பெரிதும் உதவும். மாங்கனீசு ஒளிரச் செய்யும், இரும்பு ஒளியை அடக்கும். ஆகவே அந்தப் படம் யுரேனியத்தை நேரடியாகக் காட்டாது. ஆனால் எந்தப் பட்டை எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். யுரேனியத்தின் பரவலையே பார்க்க வேண்டுமானால், மாதிரியின் கதிரியக்கத்தைப் பதிவுத் தகட்டில் பல நாட்கள் பதிய வைக்கும் முறை இருக்கிறது.

அப்படித் தேடியும் பரவல் கிடைக்காவிட்டால், மேல் வெட்டை (கோடு குத்தச்சைத் தொடும் இடத்தை) 0.836 போன்ற ஒரு பொது மதிப்பில் கட்டிவைத்து வயதைப் பெறும் ஆசை எழும். அது சிறு பிழையுள்ள அழகான எண்ணைத் தரும். அந்தச் சிறுமை கட்டிவைத்ததால் வந்ததேயன்றி, அளவீட்டிலிருந்து வந்ததன்று. அந்த மதிப்பை அதே நீரிலிருந்து உருவான, யுரேனியமே இல்லாத கூட்டுக் கனிமத்தில் அளந்திருந்தாலன்றி, அந்த வயதை வெளியிடாமல் மாதிரியைக் கைவிடுவதே நேர்மையானது. எல்லாக் கால்சைட்டும் வயது தராது. நாளங்களில் தோல்வி விகிதம் அதிகம் என்பது இத்துறையில் யாவரும் அறிந்ததே.

அறிகுறி: கோடு இருக்கிறது, ஆனால் சிதறல் அதிகம்

கோட்டுக்கும் புள்ளிகளுக்கும் உள்ள பொருத்தத்தை எம்.எஸ்.டபிள்யூ.டி. என்ற எண்ணால் அளக்கிறோம். 30 புள்ளிகள் இருந்தால், அளவீட்டுப் பிழை மட்டுமே காரணமான சிதறலுக்கு இந்த எண் ஏறத்தாழ 0.5-க்கும் 1.5-க்கும் இடையில் வர வேண்டும். 4 அல்லது 5 வந்தால், கோட்டில் அடங்காத ஏதோ ஒன்று பாறையிலோ கருவியிலோ இருக்கிறது.

முதலில் நேரவாரியான சமிக்ஞையைத் திறந்து பாருங்கள். சுடத் தொடங்கிய முதல் சில நொடிகளில் மட்டும் ஈயம் எகிறிப் பின்னர் அடங்கினால் அது மேற்பரப்பு அழுக்கு; மெருகேற்றும்போதோ கையாளும்போதோ ஒட்டியது. ஒவ்வொரு இடத்திலும் அளவீட்டுக்கு முன், சற்றுப் பெரிய விட்டத்தில் சில துடிப்புகள் சுட்டு மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஈயம் நடுவில் ஓரிடத்தில் முள்போல் எழுந்து, அதே நொடியில் அலுமினியமும் தோரியமும் எழுந்தால் அது களிமண் துகள். இரும்போடு எழுந்தால் பைரைட் அல்லது இரும்பு ஆக்சைடு. இவற்றை அறிய வேண்டுமானால் அந்தத் தனிமங்களையும் அளந்திருக்க வேண்டும். நேரம் மிச்சப்படுத்த யுரேனியம், ஈயம் தவிர மற்றவற்றை அளக்காமல் விட்டவர்கள் இங்கேதான் வருந்துவார்கள். முள் தெரியும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, எஞ்சிய பகுதியை வைத்துக்கொள்ளலாம். வெட்டும் அளவுகோலை எல்லாப் புள்ளிகளுக்கும் ஒன்றாக வைத்து, வயதைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

சமிக்ஞை தட்டையாக இருந்தும் சிதறல் நீடித்தால் பாறையை விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் ஒளிர்வுப் படத்தின் மீது பொருத்தி, பட்டைவாரியாக நிறம் கொடுத்து மீண்டும் வரைந்து பாருங்கள். உட்பட்டைப் புள்ளிகள் ஒரு கோட்டிலும், வெளிப்பட்டைப் புள்ளிகள் இன்னொரு கோட்டிலும் அமைந்தால், இரண்டு தலைமுறைக் கால்சைட்டை ஒன்றாக அளந்திருக்கிறீர்கள். பிறழ்வுத் தளங்களில் மீண்டும் மீண்டும் திறந்து மூடிய நாளங்களில் இது சாதாரணம். இரண்டு கோடுகளும் தனித்தனியே நல்ல பொருத்தம் தந்தால், சிதறலாகத் தெரிந்ததே இரண்டு வயதுகளாக மாறிவிடும்.

நிறம் கொடுத்தும் ஒழுங்கு தெரியாவிட்டால், கனிமம் மூடிய அமைப்பாக இருந்ததா என்ற கேள்வி எழுகிறது. ஆக்சிஜனேற்றமடைந்த நீரில் யுரேனியம் எளிதில் கரைந்து நகரும். ஈயம் அவ்வாறு நகராது. ஆகவே பிற்கால நிலத்தடி நீர் ஊடுருவினால் பெரும்பாலும் யுரேனியம்தான் கழுவப்படுகிறது. புள்ளிகள் கோட்டின் இடப்பக்கம் நகர்ந்து, வயது உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவமான அரகோனைட் கால்சைட்டாக மாறியிருந்தால் இந்த ஐயம் இன்னும் வலுக்கும். அரகோனைட் யுரேனியத்தைக் கூடுதலாக ஏற்பது, மாற்றத்தின்போது அதை ஓரளவு இழந்துவிடக்கூடும். அப்போது கிடைக்கும் வயது, ஒழுங்காக வந்தால்கூட, அரகோனைட் வளர்ந்த காலத்தைக் குறிக்காமல் மாற்றம் நிகழ்ந்த காலத்தையே குறிக்கலாம்.

அறிகுறி: எம்.எஸ்.டபிள்யூ.டி. 0.2 வருகிறது

இதைக் கண்டு மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. பிழைகளைத் தேவைக்கு மேல் பெரிதாக மதிப்பிட்டிருக்கிறீர்கள், அல்லது தரமாதிரியின் முறைசார் பிழையை ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியே சேர்த்துவிட்டீர்கள். டபிள்யூ.சி.-1-இன் வயதிலேயே ஏறத்தாழ 2.5 விழுக்காடு நிச்சயமின்மை இருக்கிறது. அது எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவானது; கோடு பொருத்திய பிறகு இறுதி வயதில் ஒரே ஒரு முறை சேர்க்க வேண்டும். சிதைவு மாறிலிகளின் பிழை இதோடு ஒப்பிடப் பொருட்படுத்தத் தக்கதன்று.

அறிகுறி: யுரேனியம் கூடிய புள்ளிகளும் குறைந்த புள்ளிகளும் வேறுவேறு வயது சொல்கின்றன

நிஸ்ட் 612-இல் யுரேனியம் ஏறத்தாழ 37 பி.பி.எம்.; உங்கள் கால்சைட்டில் 0.1 பி.பி.எம். இருக்கலாம். உணர்வி ஒன்றில் தனித்தனி எண்ணிக்கையாகவும் மற்றொன்றில் மின்னோட்டமாகவும் பதிவு செய்தால், இரண்டுக்கும் இடையிலான மாற்றுக் காரணியின் தவறு நேராக வயதில் ஏறும். 1 பி.பி.எம்.-க்கும் குறைந்த யுரேனியமுள்ள நிஸ்ட் 614-ஐப் பயன்படுத்துவதும், உணர்வியின் செயலறு நேரத்தை (ஒன்றை எண்ணியபின் அடுத்ததை எண்ண முடியாத இடைவெளியை) சரிபார்ப்பதும் இதைத் தீர்க்கும்.

மறுமுனையில், ஈயம்-207 பின்னணியோடு கலந்துவிடும் அளவுக்குக் குறைந்த புள்ளிகளில், ஒவ்வொரு நொடியின் விகிதத்தையும் எடுத்துச் சராசரி காண்பது ஒருபக்கச் சாய்வைத் தரும். எண்ணிக்கைகளை முதலில் கூட்டிவிட்டுப் பின்னர் வகுக்க வேண்டும். ஈயம் மிகக் குறைவு என்று அத்தகைய புள்ளிகளை நீக்குவது அதைவிடத் தீங்கு; கன்கார்டியாவுக்கு மிக அருகில் இருக்கும், வயதைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகள் அவையே.

ஈயம்-204-ஐ வைத்துத் தொடக்க ஈயத்தைத் திருத்த முயன்று தோற்றவர்கள் ஆர்கான் வாயுவில் உள்ள பாதரசம்-204-ஐ நினைவில் கொள்ளவும். கார்பனேட்டில் ஈயம்-204 எண்ணிக்கை அவ்வளவு குறைவு. அந்தக் குறுக்கீட்டை வடிகட்டிக் குறைத்தாலும் பெரும்பாலும் பயன் இல்லை. டெரா-வாசர்பர்க் வரைபடத்துக்கு அது தேவையும் இல்லை.

அறிகுறி: மேல் வெட்டு எதிர்பார்த்த இடத்தில் இல்லை

ஸ்டேசியும் கிரேமர்ஸும் 1975-இல் தந்த மாதிரிப்படி இன்றைய புவி ஈயத்தின் குத்தச்சு மதிப்பு ஏறத்தாழ 0.836. உங்கள் கோடு 0.75-இல் தொட்டால் அது தவறு என்று பொருளல்ல. யுரேனியம் மிகுந்த பாறைகளின் ஊடே வந்த நீர், சிதைவில் பிறந்த ஈயத்தையும் கரைத்து வந்திருக்கும். 0.9-க்கு மேல் தொட்டால், மிகப் பழைய, யுரேனியம் குறைந்த அடிப்பாறை அல்லது ஈயத் தாது அதன் மூலமாக இருக்கலாம். புவியியல் இதற்கு இடம் தராதபோது மட்டும், கண்ணாடியைக் கொண்டு செய்த ஈய விகிதத் திருத்தத்தை மீண்டும் பாருங்கள். 0.836-லிருந்து விலகுகிறது என்பதற்காக மேல் வெட்டை இழுத்துப் பொருத்துவது, நீரின் வரலாற்றை அழித்துவிட்டு வயதை வாங்குவதாகும்.

அறிகுறி: இளம் மாதிரியின் வயது படிவு அடுக்கோடு ஒத்துப்போகவில்லை

சில மில்லியன் ஆண்டுகளுக்குட்பட்ட குகைப் படிவுகளிலும் ஊற்றுச் சுண்ணாம்பிலும் இது முக்கியமான சிக்கல். யுரேனியம்-238 நேராக ஈயம்-206 ஆவதில்லை. நடுவில் 245 ஆயிரம் ஆண்டு அரை ஆயுளுள்ள யுரேனியம்-234-உம், ஏறத்தாழ 75.6 ஆயிரம் ஆண்டு அரை ஆயுளுள்ள தோரியம்-230-உம் இருக்கின்றன. படிகம் உருவானபோது இவை சமநிலையில் இருந்தன என்று சாதாரணக் கணக்கீடு கருதிக்கொள்கிறது. நிலத்தடி நீரில் யுரேனியம்-234 பொதுவாகக் கூடுதலாக இருக்கும். தோரியம் நீரில் கரையாததால் கால்சைட்டில் ஏறத்தாழ நுழைவதே இல்லை.

இதன் அளவைக் கையாலேயே கணக்கிடலாம். யுரேனியம்-234-க்கும் 238-க்கும் உள்ள தொடக்கக் கதிரியக்க விகிதத்திலிருந்து 1-ஐக் கழித்து, 354 ஆயிரம் ஆண்டால் பெருக்குங்கள். தோரியம் இன்மைக்காக 109 ஆயிரம் ஆண்டைக் கழியுங்கள். தொடக்க விகிதம் 2 என்றால், சாதாரண வயது உண்மையைவிட ஏறத்தாழ 245 ஆயிரம் ஆண்டு கூடுதலாகத் தெரியும். கடல் நீரின் விகிதம் ஏறத்தாழ 1.15, அங்கே திசை மாறி, வயது ஏறத்தாழ 56 ஆயிரம் ஆண்டு குறைவாகத் தெரியும். மாதிரி இடைநிலைகளின் அரை ஆயுள்களைவிடப் பல மடங்கு பழையதாக இருக்கும்வரை இந்தக் கணக்கு செல்லும். 3 மில்லியன் ஆண்டு மாதிரியில் 245 ஆயிரம் என்பது 8 விழுக்காடு. 250 மில்லியன் ஆண்டு மாதிரியில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தொடக்க விகிதத்தை எங்கிருந்து பெறுவது என்பதுதான் கடினம். ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்குள் என்றால், எஞ்சியிருக்கும் யுரேனியம்-234 மிகையை அளந்து பின்னோக்கிக் கணக்கிட முடியும். அதற்கு மேல் மிகை சமநிலைக்குள் கரைந்துவிடுகிறது. அதே குகையின் இளைய படிவுகளில் கண்ட விகித வீச்சை எடுத்து, அதன் முழு அகலத்தையும் வயதின் பிழையில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐசோபிளாட்-ஆர் மென்பொருளில் இந்தத் திருத்தத்துக்கு இடம் உண்டு. தொடக்க விகிதத்தைப் பிழையில்லாத ஒற்றை எண்ணாக உள்ளிட்டுவிட்டு, வயதின் பிழையை ± 10 ஆயிரம் ஆண்டு என்று எழுதுபவர்களின் அட்டவணையை நான் நம்புவதில்லை.

அறிகுறி: நாளம் தன்னைச் சூழ்ந்த பாறையைவிடப் பழையதாக வருகிறது

இது நடக்க முடியாதது, ஆகவே பயனுள்ளது. மேலே சொன்னவற்றில் வயதைக் கூட்டக்கூடியவற்றை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: கண்ணாடியால் மட்டும் திருத்தியது, யுரேனியம் கழுவப்பட்டது, இளம் மாதிரி என்றால் யுரேனியம்-234-இன் மிகை. இவை மூன்றும் இல்லையென்றால், குழிகள் நாளத்தில்தான் விழுந்தனவா என்று பாருங்கள். மெல்லிய நாளங்களில், 100 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட விட்டமுள்ள குழி, சுவரை ஒட்டிய சுண்ணாம்புக்கல் துண்டையும் சேர்த்தே குடைந்துவிடும்.

இன்னும் நுட்பமான ஒரு வகை உண்டு. நாளத்தின் தொடக்க ஈயமும், சூழ்ந்த பாறையின் கூடுதல் யுரேனியமுள்ள பொருளும் வெவ்வேறு அளவில் கலந்தால், புள்ளிகள் மிக அழகான நேர்கோட்டில் அமையும், எம்.எஸ்.டபிள்யூ.டி. 1-க்கு அருகிலேயே இருக்கும். அந்தக் கோடு கலப்பைக் காட்டுகிறது, காலத்தை அல்ல. ஒவ்வொரு புள்ளியின் கிடையச்சு மதிப்பையும் ஸ்ட்ரான்சியம், மாங்கனீசு, அலுமினியம் ஆகியவற்றின் அளவுக்கு எதிராக வரைந்து பாருங்கள். இவற்றில் ஒன்றோடு புள்ளிகள் நெருங்கிய தொடர்பு காட்டினால், சூழ்ந்த பாறையையும் தனியே அளந்து அதே வரைபடத்தில் இட வேண்டும். நாளத்துப் புள்ளிகளின் கோடு நீண்டு பாறையின் புள்ளிக் குவியலின் மீதே சென்று முடிந்தால், அந்த நாளத்துக்கு வயது எழுதாமல், சுவரிலிருந்து விலகிய, அகலமான பகுதியில் வேறொரு துண்டை வெட்டி மீண்டும் அளக்க வேண்டும்.